என் பட்டியலில் வராத இரவு

நான் குடியை நிறுத்தி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இது தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் பலர் என்னைப் பாராட்டும்போது ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: “நல்லா திருந்திட்டீங்க.” சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது. கோணலாக இருந்தது நேராவதுதான் திருந்துதல். என்னில் எது கோணலாக இருந்தது? குடிதான் என்பார்கள். ஆனால் என் குடியை நினைக்கும்போதெல்லாம் அவர்களுக்கு ஓர் இரவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. அந்த இரவில் ஒருவன் எனக்குச் செய்ததும், அதற்குப் பின் பல வருடங்கள் நான் குடித்ததும் அவர்கள் மனத்தில் ஒரே கணக்கில் ஏறியிருக்கின்றன. குடித்தாள், அதனால் நடந்தது. நடந்தது, அதனால் இன்னும் குடித்தாள். இப்போது விட்டுவிட்டாள், திருந்திவிட்டாள். இந்தக் கதை முழுக்க நான் மட்டுமே இருக்கிறேன். அவன் எங்கே போனான் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு கணக்கையும் பிரித்து எழுதிப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்த இரவு. சுருக்கமாகவே சொல்கிறேன். இதைப் படிக்கிற சில பெண்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்காது. விவரம் வேண்டும் என்கிறவர்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை. 2014. எனக்கு முப்பத்து மூன்று வயது. மலையடிவார ஊர் ஒன்றில் இரண்டு நாள் இலக்கிய முகாம். முதல் நாள் அமர்வுகள் முடிந்து, இரவு ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். அதில் பெண்கள் மூவர். எல்லோரும் குடித்தார்கள், நானும் குடித்தேன். எனக்குத் தலை சுற்றியது. பல வருடங்களாகத் தெரிந்த ஒருவன், என் முதல் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியவன், அறை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் என்று என்னைக் கூட்டிப்போனான். அங்கே என்னை வன்புணர்ந்தான். வேண்டாம் என்று நான் சொன்னது நினைவிருக்கிறது. பிறகு கொஞ்ச நேரம் நினைவில்லை. கடைசியாகக் கதவு சாத்துகிற சத்தம் நினைவிருக்கிறது.

‘வன்புணர்ந்தான்’ என்று எழுதுகிறேன். நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதிவந்த சொல் வேறு. அந்தச் சொல்லில் அழிந்துபோவது பெண்ணிடம் இருந்த ஏதோ ஒன்று. அழிந்துபோனபின் அவள்தான் மிச்சம், அவமானமும் அவளிடம்தான் மிச்சம். அதைவிட மோசம் நம் வீடுகளில் புழங்கும் வாக்கியம்: “அவளுக்கு அப்படி ஆயிடுச்சு.” இருபது வருடங்களாக இலக்கணம் நடத்துகிறவள் நான். மழை பெய்வதைப்போல, காய்ச்சல் வருவதைப்போலத் தானாக ‘ஆகிவிட்ட’ ஒன்றாக அதை எழுத என்னால் முடியாது. செய்தவனை எழுவாயாக வைத்தால்தான் அந்த வாக்கியம் முற்றுப்பெறும்.

அந்த அறையில் நான் ஏன் இருந்தேன் என்ற கேள்வியைப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். பதில் எளியது. இலக்கியக் கூட்டங்களில் மேடை ஒன்று, அறை ஒன்று. மேடையில் நன்றியுரையோடு பேச்சு முடிந்துவிடும். அறையில்தான் அது தொடங்கும். எந்தப் பதிப்பகம் என்ன கொண்டுவருகிறது, எந்த இதழுக்கு யார் சிறப்பாசிரியர், எந்தக் கவிதை உண்மையில் கவிதை என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். எட்டு மணிக்கே விடுதிக்குத் திரும்புகிற பெண், மறுநாள் முடிந்துபோன உரையாடல்களின் மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். நான் அந்த அறைக்குப் போனது எழுத்தாளராக. நாற்காலி என்று நினைத்து உட்கார்ந்தேன்.

எம்.ஏ. வகுப்பில் புறநானூற்றின் 235ஆம் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் ஒரு நிமிடம் திகைப்பார்கள். இறந்துபோன அதியமானை நினைத்து ஔவையார் பாடிய கையறுநிலை அது. அவனைப் பற்றி அவர் முதலில் நினைவுகூர்வதே கள்ளைப் பகிர்ந்துகொண்டதைத்தான். ஆத்திசூடிப் பாட்டியை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, அவர் வேறு, காலத்தால் மிகவும் முந்திய இவர் வேறு என்று விளக்க வேண்டியிருக்கும். ஒரு பெண் புலவர் ஒரு தலைவனுக்குச் சமமாக உட்கார்ந்து குடித்ததை வெட்கமில்லாமல், நட்பின் அடையாளமாகவே பாடியிருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி வகுப்பைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பெண் பிள்ளைகள் சிலர் தலை நிமிர்ந்திருப்பார்கள். அந்த இரவுக்குப் பின் இரண்டு வருடங்கள் இந்தப் பாட்டை நான் நடத்தவில்லை. சக ஆசிரியர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்தேன். அவன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இந்தப் பாட்டும் ஒன்று.

மூன்றாம் நாள் நான் இரண்டு பேரிடம் சொன்னேன். இரண்டு பேரும் பெண்கள், என் தோழிகள்.

முதல் தோழி கவிஞர். பெண்ணியக் கூட்டங்களில் ஒரே மேடையில் பேசியிருக்கிறோம்; அவள் வீட்டில் எத்தனையோ இரவுகள் நானும் அவளும் குடித்துக்கொண்டே கவிதை வாசித்திருக்கிறோம். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “நீ எவ்வளவு குடிச்சிருந்தே?” அடுத்து, “அவன்கூட தனியா ஏன் எழுந்து போனே?” அடுத்து, “ஒருவேளை அவனுக்கும் நிதானம் இல்லாம இருந்திருக்குமோ?” கடைசியாக, “நானா இருந்தா அவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். அது என்னைப் பற்றிய வாக்கியமே இல்லை, அவளைப் பற்றியது. காரணம் என் கோப்பையில் இருந்தது என்றாகிவிட்டால், அவள் கோப்பையை அளந்து குடிக்கும் வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960களில் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பெண் மின் அதிர்ச்சி வாங்குவதாக நம்பவைத்து அதைச் சிலரைப் பார்க்கச் செய்தார்கள். அவள் வாங்கியது நடிப்பு. பார்த்தவர்களுக்கு அது தெரியாது. அவளுக்கு உதவ வழியில்லை, வேதனை தொடரப்போகிறது என்ற நிலை வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவளை மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். உலகம் நியாயமானது என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, அடிபடுகிறவள் அதற்குத் தகுந்தவள்தான் என்று மனம் சொல்லிக்கொள்கிறது. என் தோழி கெட்டவள் இல்லை. பயந்தவள். அவளுடைய பயத்தின் விலையை நான் கொடுத்தேன்.

‘நிதானம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழில் குடிக்காமல் இருப்பதற்கும், பதறாமல் இருப்பதற்கும், அளவறிந்து நடப்பதற்கும் அது ஒன்றே சொல். ‘நிதானம் இல்லை’ என்பது அவனுக்குச் சமாதானம் ஆகிறது: பாவம், என்ன செய்கிறோம் என்றே தெரிந்திருக்காது. அதே வார்த்தை எனக்குக் குற்றப்பத்திரிகை ஆகிறது: ஒரு பொண்ணு நிதானமா இருக்க வேண்டாமா? ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய குடி, ஆணுக்குள் போனால் மன்னிப்பாகவும் பெண்ணுக்குள் போனால் சாட்சியாகவும் மாறிவிடுகிறது.

சட்டப் புத்தகம் இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. போதையில் இருப்பதால் தான் எதற்கு இசைகிறோம் என்று புரிந்துகொள்ள முடியாத பெண்ணின் சம்மதம் சம்மதமே அல்ல என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இன்றைய பாரதிய நியாய சம்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. மறுபுறம், தானாக விரும்பிக் குடித்தவன் போதையைக் காட்டித் தப்பிக்க முடியாது. அதாவது சட்டத்தின்படி போதை பெண்ணுக்குப் பாதுகாப்பு, ஆணுக்குச் சமாதானம் ஆகாது. நம் வீட்டுத் திண்ணையிலும் இலக்கிய அறையிலும் இது தலைகீழ்.

சில நேரம் நீதிமன்றத்திலும். 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் முன்ஜாமீன் ஆணை ஒன்றில், அதற்குப் பின் களைத்துத் தூங்கிவிட்டதாக அந்தப் பெண் சொல்வது இந்தியப் பெண்ணுக்கு உரியது அல்ல என்று எழுதியது. கண்டனம் எழுந்தபின் அந்த வரி நீக்கப்பட்டது. பெண் குடித்தாள், புகைத்தாள் என்பதெல்லாம் அவளே அழைத்தாள் என்பதற்குக் காரணமாகக்கூடாது. இப்படிப்பட்ட கருத்துகளை நீதிபதிகள் தவிர்க்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. நான்கு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், அலகாபாத் உயர் நீதிமன்றம் ஜாமீன் ஆணை ஒன்றில், தோழிகளுடன் தில்லி மதுக்கூடம் ஒன்றுக்குப் போன மாணவி தனக்குத் தானே தொல்லையைத் தேடிக்கொண்டாள், அதற்கு அவளே பொறுப்பு என்றது. அவள் எம்.ஏ. படிப்பவள், ஆகவே தன் செயலின் ஒழுக்கத்தை அறியக்கூடியவள் என்றும் அந்த ஆணை சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சைக் கண்டித்தது. நான் எம்.ஏ. மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறவள். அந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் என் முன்னால் இருந்த பதினெட்டுப் பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். நான் அவர்களுக்குக் கொடுக்கும் பட்டம் ஒருநாள் அவர்களுக்கு எதிராகவே வாசிக்கப்படலாம்.

குடித்ததால்தானே இந்தப் பேச்சு, குடிக்காமல் இருந்திருந்தால்? அதற்கும் பதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையில், தான் படிக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்முறைக்கு ஆளானாள். அதில் குடி என்ற பேச்சே இல்லை. உடனே கேள்வி வேறாகிவிட்டது: அந்த நேரத்தில் ஆண் நண்பனோடு அங்கே ஏன் இருந்தாள்? அவளுடைய அடையாளம் தெரியும்படி முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. அதன் மொழி அவளையே குறைசொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சாடி, இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. கோப்பை இல்லாவிட்டால் நண்பன், நண்பன் இல்லாவிட்டால் நேரம், நேரமும் சரியாக இருந்தால் உடை. கேள்வி கேட்கிறவர்களுக்குக் காரணம் கிடைக்காமல் போவதில்லை.

சங்க அகப்பாடல்களில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஊரார் வாய்விட்டுச் சொல்லாமல் தமக்குள் முகக்குறிப்பால் பேசிக்கொள்வது அம்பல். எல்லோரும் அறியப் பேசுவது அலர். என் விஷயம் கடைசிவரை அம்பலாகவே இருந்தது. யாரும் என் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு முகாமுக்கு அவனுக்கு அழைப்புப் போனது, எனக்கு வரவில்லை. விசாரித்தபோது, “உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்” என்றார்கள். இரண்டு பேருமே எங்களுக்கு நண்பர்கள், நாங்கள் நடுநிலை என்றார்கள். 2018 அக்டோபரில் மீ டூ அலை தமிழ்நாட்டுக்கு வந்தபோது, நான்கு வருடமாகப் பேசாத மூன்று பேர் ஒரே வாரத்தில் எனக்குப் போன் செய்தார்கள். நலம் விசாரித்துவிட்டு மூவரும் ஒரே கேள்விக்கு வந்தார்கள்: “நீங்க யார் பேரையாவது எழுதப் போறீங்களா?” அவர்களின் நடுநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது தோழிக்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் தனியார் பெண்கள் விடுதி ஒன்றில் இருவரும் ஒரே அறை. அவள் நர்சிங் படித்தாள். இப்போது அரசு மருத்துவமனையில் செவிலியர். என் கவிதைகளில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. வெள்ளிக்கிழமை விரதம், ஆடியில் கூழ் ஊற்றல், எல்லாம் உண்டு. அப்பா குடித்தே செத்தவர் என்பதால் குடியென்றாலே அவளுக்கு ஆகாது. நான் குடிப்பது தெரிந்த நாளிலிருந்து, “அந்தக் கருமத்த விட்டுத் தொல” என்று சொல்லிக்கொண்டே இருந்தவள்.

அவளிடம் போனில் சொன்னேன். இரண்டு கேள்விதான் கேட்டாள். “எப்போ நடந்துச்சு?” நாளும் நேரமும் சொன்னேன். “குளிச்சிட்டியா?” குளித்துவிட்டேன் என்றேன். “சரி, பரவால்ல. எங்கயும் போகாத, நான் வாரேன்.” அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்தாள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையும் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் நேரம் கேட்டிருக்கிறாள். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனே கட்டணமில்லாமல் சிகிச்சை தருவது அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளின் சட்டக் கடமை என்று 2013 முதல் இருக்கிறது. அதையும் அவள்தான் சொன்னாள். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்று கேட்டேன். “அது நீ முடிவு பண்ணணும். போனா கூட வாரேன். போகலன்னாலும் கூடத்தான் இருப்பேன்” என்றாள். நான் போகவில்லை. அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடரச் சட்டத்தில் காலவரம்பு இல்லை. கதவு இன்னும் திறந்தேதான் இருக்கிறது. அதன் வழியே போவதும் போகாததும் என் முடிவு.

இதை எழுதும்போது என்னை இன்றும் வியக்கவைப்பது ஒன்றுதான். என்னோடு உட்கார்ந்து குடித்தவர்கள் என் குடியைக் குற்றம் சொன்னார்கள். குடியையே வெறுத்தவள் என்னை ஒருமுறைகூடக் குற்றம் சொல்லவில்லை. குடி அவளுக்குப் பிடிக்காது. ஆனால் குடிக்கும் அவனுக்கும் தொடர்பில்லை என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. “எங்கப்பா தெனம் குடிச்சிட்டு ரோட்டுல கெடப்பாரு. யாரு அவர என்ன செஞ்சா?” என்று ஒருநாள் கேட்டாள். நான் படித்த கோட்பாட்டு நூல்களில் எதுவும் இவ்வளவு சுருக்கமாக விஷயத்துக்கு வந்ததில்லை.

அடுத்த ஐந்து வருடங்கள் குடித்தேன். முன்பு கூட்டங்களில் மட்டும் குடித்தவள், இப்போது தனியாக, வீட்டில், இரவில். தூங்குவதற்குத்தான். குடி தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். நடு இரவுக்கு மேல் அதைக் கலைத்துவிடும். மூன்று மணிக்கு விழித்தால் மறுபடி தூங்க மறுபடி குடிக்க வேண்டும். சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசே டாஸ்மாக் வழியாக நடத்தும் மாநிலம் இது. ஆனாலும் அந்த வரிசையில் ஒரு பெண் நின்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது பெரிய வணிக வளாகத்துக் கடைகளில் வாங்கி, விடைத்தாள் கட்டு வைக்கும் பையில் கொண்டுவருவேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 சதவீதமும் பெண்களில் 1.3 சதவீதமும் குடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்கு யாராவது கணக்கெடுக்க வந்திருந்தால் நான் இல்லையென்றுதான் சொல்லியிருப்பேன். அந்த 1.3இல் என்னைப்போன்றவர்கள் எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

அந்த ஐந்து வருடமும் அவள் மாதம் ஒருமுறையாவது வந்தாள். கண்டித்தாள், சண்டை போட்டாள். “குடிக்கியா, குடி. ஆனா சாப்ட்டுட்டுக் குடி. எங்கிட்ட பொய் மட்டும் சொல்லாத” என்றாள். இட்லி மாவு ஆட்டி வைத்துவிட்டுப் போவாள். என் குடியை அவள் ஒரு நோயாகப் பார்த்தாள். நோயாளியிடம் செவிலியர் கோபப்படுவது உண்டு, ஆனால் உனக்கு இது வேண்டும் என்று சொல்வதில்லை.

2019இல் ஒருநாள் காலை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. அன்று மாலை நானே அவளைக் கூப்பிட்டேன். தடாலென்று நிறுத்தக் கூடாது என்று உடனே சொன்னாள். பல வருடம் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு, மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஒரு வாரம் விடுப்பு எடுத்து அவள் என் கட்டிலுக்கு அருகில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். குடி அதுவரை அமுக்கி வைத்திருந்த கனவுகள் எல்லாம் நிறுத்தியபின் ஒரே நேரத்தில் வந்தன. கதவு சாத்துகிற சத்தத்தில் எழுந்து உட்காருவேன். விளக்கைப் போட்டு, “கதவு தொறந்துதான் இருக்கு, பாரு” என்பாள்.

பிறகு அவளே விசாரித்து, குடியை நிறுத்தியவர்கள் கூடும் ஒரு குழுவுக்கு என்னை அனுப்பினாள். பன்னிரண்டு படிகளைப் பின்பற்றும் குழு. 1935இல் அமெரிக்காவில் இரண்டு ஆண்கள் சந்தித்ததிலிருந்து தொடங்கி உலகமெங்கும் பரவிய முறை அது. நான் போன கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். ஓட்டுநர்கள், கொத்தனார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். மரியாதையாக நடத்தினார்கள், எதையும் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் உட்கார்ந்து குடிக்காத நாட்களை எண்ணக் கற்றுக்கொண்டேன். அதற்கு என்றும் நன்றி உடையவள்.

அந்தப் படிகளில் நான்காவது, தன் வாழ்க்கையை ஒளிவுமறைவு இல்லாமல் ஆராய்ந்து பட்டியல் எழுதுவது. ஐந்தாவது, தன் தவறுகளை இன்னொரு மனிதரிடம் சொல்வது. எட்டாவது, தான் தீங்கு செய்தவர்களின் பெயர்களை எழுதுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பட்டியலில் என்னென்ன இருந்தன என்பது இங்கே தேவையில்லை. நான் சிக்கிக்கொண்டது ஒரே இடத்தில். 2014 என்று தேதி போட்டேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது? நான் குடித்திருந்தேன் என்பது உண்மை. என் வாழ்க்கையில் குடியால் வந்ததையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள். இதையும் எழுத வேண்டுமா?

அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள். நோட்டை அவளிடம் காட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே படித்தாள். என் எழுத்தில் அவள் முழுதாகப் படித்தது அது ஒன்றுதான். அந்தத் தேதிக்கு வந்ததும் பேனாவை வாங்கி, அதன்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

“ஏட்டி, இது உன் பட்டியல்ல வராது. இது அவன் பட்டியல்.”

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப்போய்க் குழம்பைக் கிளறினாள்.

அந்தக் கோட்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லத் தோன்றுகிறது. குடியை விடுவதற்குத் தேவையான நேர்மை ஒன்று இருக்கிறது. அது தன்னைத் தானே விசாரிக்கும் நேர்மை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணை ஊர் விசாரிக்கும் முறையும் வெளிப்பார்வைக்கு அதைப்போலவே இருக்கிறது: என்ன குடித்தாய், எவ்வளவு குடித்தாய், யாருடன், ஏன். இரண்டும் ஒரே குரலில் கேட்கும்போது, தெளியத் தொடங்கியிருக்கும் பெண்ணுக்கு எது எதுவென்று தெரியாது. குடியைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொள்ளும் வேகத்தில், அவன் செய்ததையும் சேர்த்துத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொள்வாள். அந்த இடத்தில் கோடு போட ஒருத்தி வேண்டும். என் குடி என் பொறுப்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டேன். அவன் குற்றம் அவன் பொறுப்பு. அதை அவன் இன்னும் பார்க்கவில்லை. நான் குடிக்காமல் இருக்கும் ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் செய்ததற்கான பிராயச்சித்தம் அல்ல. தலையைத் தெளிவாக வைத்துக்கொண்டு கவிதை எழுதவும், மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அந்த விழிப்போடு உட்கார்ந்திருக்கவும் நான் எனக்கு வாங்கிக்கொண்ட நாட்கள் அவை.

அகத்திணையில் தோழிக்கு ஒரு கடமை உண்டு. அறத்தொடு நிற்றல் என்பார்கள். தலைவியின் நிலையைத் தாய்க்கு எடுத்துச் சொல்வது. அங்கே அது காதலுக்காக, திருமணத்தை நோக்கியது. ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். தலைவிக்குப் புத்தி சொல்வதற்கோ அவளை அளந்து பார்ப்பதற்கோ அந்தப் பெயரை வைக்கவில்லை. அறத்தோடு போய் நிற்பது, அவ்வளவுதான் வேலை. வகுப்பில் இப்போது அந்தத் துறையை நடத்தும்போது, கருமேனியும் வெள்ளைச் சீருடையுமாய் ஒருத்தி கரண்டியோடு நிற்பது எனக்குத் தெரிகிறது. 235ஆம் பாட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். குடிக்காத நான், கள் பகிர்ந்த ஔவையை, எந்தச் சங்கடமும் இல்லாமல் நடத்துகிறேன்.

என்னைப்போல ஒருத்தி நாளை உங்களிடம் வந்து சொல்லக்கூடும். குடித்திருந்தேன் என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். நீங்கள் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்று நினைப்பாள். அவளிடம் நாளையும் நேரத்தையும் கேளுங்கள், மருந்துக்கு அது தேவை. சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அவள் குடிக்கிறவள் என்றால், அந்தக் குடியைப் பற்றிப் பேசவும் ஒருநாள் வரும். அது வேறு நாள், வேறு பேச்சு. இரண்டையும் ஒரே மூச்சில் பேசிவிடாதீர்கள்.